நேசித்த ஸ்டுடியோவில் வேலை: பெங்களூருவில் சேரவும் நிலைக்கவும்

அனிமேஷன், விஎஃப்எக்ஸ் (கணினியில் செய்யும் காட்சி வித்தை), கேம் ஸ்டுடியோ வேலைக்காக ஓசூர் தாண்டி பெங்களூரு வரும் நம் பிள்ளைகள் சம்பளத்தை மட்டும் நினைத்து வருவதில்லை. பள்ளிக்கூட வயதில் டிவி முன்னால் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்த படத்தையோ, விடிய விடிய ஆடிய கேமையோ செய்த கம்பெனி அது. அங்கே நம் பெயர் போட்ட அடையாள அட்டை கழுத்தில் தொங்கினால் போதும் என்ற ஆசையோடுதான் வருகிறார்கள். அந்த ஆசை நல்லது. நல்ல வேலை அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. ஸ்டுடியோ மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும், உழைத்த நேரம், வாங்கிய சம்பளம், செய்த ஷாட் எல்லாவற்றுக்கும் எழுத்தில் கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கை எங்கே, எப்படி வைப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

முதலில், உங்களுக்குச் சம்பளம் தருவது யார்?

படத்தின் முகப்பில் வரும் பெயரும் உங்கள் சம்பளச் சீட்டில் வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பெங்களூருவில் மூன்று விதமான ஏற்பாடு உண்டு. வெளிநாட்டு ஸ்டுடியோவின் சொந்த இந்தியக் கிளை ஒன்று. அந்த ஸ்டுடியோவுக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்து தரும் உள்ளூர் ஸ்டுடியோ இன்னொன்று. மூன்றாவது, உட்காருவது ஸ்டுடியோவில், சம்பளம் ஆள் அனுப்பும் ஏஜென்சியில். காலப்போக்கில் ஒன்று மற்றொன்றாக மாறுவதும் உண்டு. 1997-ல் பெங்களூருவில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் பல ஆண்டுகள் மற்ற நிறுவனங்களின் கேம்களுக்கு வேலை செய்து தந்தது. 2019-ல் அதை ராக்ஸ்டார் கேம்ஸ் வாங்கித் தன் இந்தியக் கிளையோடு சேர்த்துக்கொண்டது.

நியமனக் கடிதத்தில் எந்த பிரைவேட் லிமிடெட் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதே பெயரை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடி, எந்த ஆண்டு பதிவானது, இப்போது இயங்குகிறதா என்று சரிபாருங்கள். வேலைக்கு முன்பணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று யார் கேட்டாலும் அது மோசடி. பிரபலமான பெயர்களை வைத்துத்தான் இந்த வலை அதிகம் விரிக்கப்படுகிறது, ஏனென்றால் ரசிகர் மனசு சீக்கிரம் நம்பிவிடும்.

நேர்காணலில் ரசிகராகப் பேசாதீர்கள்

"உங்கள் படங்கள் எல்லாம் பத்து தடவை பார்த்திருக்கிறேன்" என்று சொல்வதால் மதிப்பெண் கூடாது. எதிரே இருப்பவர் தினமும் அதைக் கேட்கிறவர். ஒரு ஷாட்டை எடுத்துப் பேசுங்கள்: அந்த மழைக் காட்சியில் ஈர முடியின் விளிம்பு பின்னணி வெளிச்சத்தோடு எப்படி ஒட்டியது, நீங்களாக இருந்தால் எங்கே சிரமப்பட்டிருப்பீர்கள். இரண்டு நிமிடம் இப்படிப் பேசினால் வேலை தெரிந்தவர் என்பது புரிந்துவிடும்.

ஷோரீல், அதாவது உங்கள் சிறந்த வேலைகளின் தொகுப்பு வீடியோ, 60 முதல் 90 வினாடி. மிகச் சிறந்த ஷாட் முதலில். கடைசிக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், கடைசி வரை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஷாட்டிலும் நீங்கள் செய்த பகுதி எது என்பதைத் திரையிலேயே எழுதுங்கள்: "ரோட்டோ (உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்தல்) மட்டும்", "வயர் நீக்கம், பின்னணி மீட்பு" என்று. குழுவாகச் செய்ததை முழுதும் தனதாகக் காட்டுபவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த ஷாட்டின் லீட் (குழுத் தலைவர்) இன்று இதே ஸ்டுடியோவில் இருக்க வாய்ப்பு அதிகம், பெங்களூரு வட்டம் அவ்வளவு சிறியது.

ஆஃபர் கடிதத்தை ஒரு இரவு வைத்துப் படியுங்கள்

ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் மாதம் 50,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். கணக்கு இப்படிப் போகும். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது மாதம் 25,000. கம்பெனி கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், மாதம் 3,000. அது இந்த 6 லட்சத்துக்கு உள்ளேயே அடக்கம். பணிக்கொடைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், ஆண்டுக்கு 14,430. இவற்றோடு மாறும் ஊக்கத்தொகை 30,000, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 12,000 என்று வைத்துக்கொண்டால், மிஞ்சுவது ஆண்டுக்கு 5,07,570, மாதம் சுமார் 42,300. இதில் உங்கள் பங்கு பிஎஃப் 3,000, கர்நாடகத் தொழில்வரி 200 போனால் கையில் 39,100 வரும். பிடிஎம் லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ பிஜி வாடகை பேசுவதற்கு முன்பு தெரிந்திருக்க வேண்டிய எண் இதுதான்.

பணிக்கொடை நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு முடிந்தால்தான் கிடைக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறிப்பிட்ட காலத்துக்கு என்று நியமிக்கப்பட்டவருக்கு ஓராண்டிலேயே அந்த உரிமை உண்டு. ஒரு படத்துக்கு மட்டும் என்று எடுக்கப்படுபவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். நியமனக் கடிதம் எல்லா ஊழியருக்கும் கட்டாயம் என்பதும் அதே தொகுப்புகளில் வந்ததுதான். "முதலில் சேருங்கள், கடிதம் அப்புறம்" என்றால் சம்மதிக்காதீர்கள்.

பாண்டு பற்றிக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பயிற்சி தந்தோம், இத்தனை ஆண்டு இருக்க வேண்டும், போனால் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று பலர் தைரியம் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே கையெழுத்துக்கு முன்பே மூன்று கேள்வி: பயிற்சிக்கு உண்மையில் என்ன செலவு, தொகை மாதம் ஆக ஆகக் குறையுமா, கம்பெனியே அனுப்பினால் பாண்டு விலகுமா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை வேறு சங்கதி. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ம் பிரிவு அதைச் செல்லாததாக்குகிறது. ரகசியம் காக்கும் நிபந்தனை மட்டும் வேலையை விட்ட பிறகும் உங்களைக் கட்டும்.

முதல் வாரம்: டீசர்ட்டும் பூட்டிய அறையும்

இந்தக் கம்பெனிகளின் வரவேற்பு மனசை அள்ளும். மேசையில் உங்கள் பெயர் எழுதிய அட்டை, படத்தின் டீசர்ட், சின்ன பொம்மை, கம்பெனியின் வரலாற்றைச் சொல்லும் அரைநாள் வகுப்பு. இதன் முன்னோடி டிஸ்னி. 1955-ல் திறந்த டிஸ்னிலாண்டில் ஊழியரை ஊழியர் என்று அழைப்பதில்லை, நடிகர் குழுவில் ஒருவர் என்றே அழைக்கிறார்கள். பார்வையாளர் கண்ணில் படும் இடம் மேடை, மற்றது திரைக்குப் பின்னால். ஒரு சொல்லை மாற்றினால் துடைப்பம் பிடிப்பவருக்கும் தான் ஒரு காட்சியின் பகுதி என்ற பெருமிதம் வருகிறது. அது உண்மையான பெருமிதம், அதை மதியுங்கள். அதே டிஸ்னியில், அதற்கும் முன்னால், 1941 மே மாதம் அனிமேட்டர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் நடந்ததுதான். குடும்பம் போல இருந்த இடத்தில் சம்பள அளவுகோலும் திரையில் பெயரும் ஆளுக்கொரு விதமாக இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

வரவேற்பு முடிந்ததும் உள்ளே போகும்போது செல்போனை வெளி லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். வேலை செய்யும் கணினியில் இணையம் இருக்காது, யுஎஸ்பி அடைத்திருக்கும், ஜன்னலில் திரை இருக்கும். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் வேலை தருவதற்கு முன்பு இந்தப் பாதுகாப்பைத் தணிக்கை செய்கின்றன. ஒரு படம் கசிந்தால் ஸ்டுடியோவுக்கு அடுத்த படமே வராது. வீட்டில் அவசரம் என்றால் உங்களைப் பிடிக்க முடியாது என்பதால், வரவேற்பு மேசையின் தரைவழி எண்ணை முதல் நாளே அம்மா அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். என்ன படம் என்று தங்கையிடம்கூடச் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பூடகமாக ஒரு வரி போட்டு வேலை போனவர்கள் உண்டு.

நேரக் கணக்கு: பாசத்தில் நடக்கும் பெரிய தவறு

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு ஷாட் வருகிறது என்று வையுங்கள். 120 பிரேம், வினாடிக்கு 24 என்ற கணக்கில் 5 வினாடி. மழையில் நனைந்த பெண் திரும்பிப் பார்க்கிறாள். அவளைப் பின்னணியிலிருந்து பிரித்துத் தர வேண்டும். தோள், கை, முகம் எல்லாம் ஒரு நாளில் முடிந்துவிடும். கன்னத்தில் ஒட்டிய முடிக்கற்றைதான் ஆளைக் கொல்லும். தலை திரும்பும்போது கற்றை கன்னத்தை விட்டுப் பிரிகிறது, அசைவில் மங்குகிறது, அடுத்த ஆறு பிரேமில் மறுபடி ஒட்டுகிறது. பிரேம் பிரேமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். முழு வேகத்தில் ஓட்டினால் விளிம்பு நடுங்கும். காமாவை (படத்தின் வெளிச்ச அளவை) ஏற்றிப் பார்த்தால் இருட்டுப் பக்கத்தில் இன்னொரு நடுக்கம் தெரியும். டெய்லீஸில் (அன்றன்றைய வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் கூட்டத்தில்) காட்டும் முன் இந்த இரண்டையும் நீங்களே செய்து பாருங்கள். பாதி ரீடேக் அங்கேயே தவிர்ந்துவிடும்.

இந்த ஷாட்டுக்குக் கொடுத்த நாள் மூன்று. உண்மையில் ஆனது நாலரை. ஒன்றரை நாளை இரவிலும் சனிக்கிழமையிலும் ஈடுகட்டி, நேரப் பதிவில் மூன்று என்றே எழுதுகிறார்கள். ஏன்? லீடுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது, நம் ஸ்டுடியோ தோற்கக் கூடாது, நான் மெதுவான ஆள் என்று யாரும் நினைக்கக் கூடாது. எல்லாம் பாசத்தில் செய்வதுதான்.

விளைவைப் பாருங்கள். பத்துப் பேர் குழு, இப்படி 40 ஷாட். பதிவில் 120 ஆள்நாள், உண்மையில் 180. அடுத்த படத்துக்கு விலை சொல்லும்போது தயாரிப்புக் குழு பழைய பதிவைத்தான் எடுத்துப் பார்க்கும். ஷாட்டுக்கு மூன்று நாள் போதும் என்று தெரிகிறது. போட்டிக் கம்பெனியை முந்த அதையும் கொஞ்சம் குறைத்து இரண்டரை நாள் என்று சொல்லி வேலையைப் பிடிக்கிறார்கள். ஷாட்டுக்கு இவ்வளவு என்று நிலைத்த விலைக்கு ஒப்பந்தம் என்பதால் கூடுதல் நாளுக்குப் பணம் வராது. இப்போது நாலரை நாள் வேலையை இரண்டரை நாளில் முடிக்க வேண்டும். படத்துக்குப் படம் இப்படித்தான் கழுத்து நெரிகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை; பொய்யான நேரப் பதிவு ஒன்று போதும். மொய் நோட்டில் ஏறாத பணம் எப்படி இல்லாத பணமோ, பதிவில் ஏறாத இரவும் இல்லாத இரவுதான்.

ஆகவே ஆன நேரத்தை ஆனபடி எழுதுங்கள். எழுதும்போது ரீடேக்கை மூன்றாகப் பிரியுங்கள். உங்கள் பிழையால் வந்தது ஒன்று: விளிம்பு நடுக்கம், விட்டுப்போன பிரேம். மேலே இருந்து வந்த பிழை இன்னொன்று: மூலக் காட்சியை மாற்றி அனுப்பினார்கள், கேமரா டிராக் (கேமரா அசைவின் கணிப்பு) திருத்தப்பட்டது. மூன்றாவது வாடிக்கையாளர் மனம் மாறியது: முன்பு வேண்டாம் என்ற நிழலை இப்போது கேட்கிறார்கள். மூன்றாவது வகைக்கு ஸ்டுடியோ கூடுதல் பணம் கேட்க முடியும், ஆனால் தேதியும் குறிப்பும் இருந்தால் மட்டுமே. "12-ம் தேதி குறிப்பில் இல்லாத நிழல், 17-ம் தேதி கேட்கப்பட்டது, 6 மணி நேரம்" என்று ஒரே ஒரு வரி போதும். நீங்கள் நேசிக்கும் ஸ்டுடியோவுக்கு இதைவிடப் பெரிய உதவி ஓர் ஆர்ட்டிஸ்டால் செய்ய முடியாது. "மூன்று நாள் என்றே போடு" என்று லீட் வாயால் சொன்னால், சண்டை போடாமல், "சரியான நேரத்தைப் போட்டுவிட்டு, கூடியதற்குக் காரணத்தைக் குறிப்பில் எழுதட்டுமா?" என்று அலுவலக சாட் செய்தியில் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றே பதில் வரும்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 1961-ன்படி மேலாளர் பொறுப்பில் இல்லாதவருக்கு வேலை நேரம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். பணத்துக்குப் பதில் கூடுதல் வேலைக்கு ஈடாக விடுப்பு தருகிறோம் என்றால், அது எத்தனை நாளில் காலாவதி ஆகும் என்று கேளுங்கள். படம் முடிவதற்குள் காலாவதி ஆகும் விடுப்பை யாராலும் எடுக்க முடியாது.

இரவு நேர அழைப்புகள், பண்டிகை

லாஸ் ஏஞ்சலஸ் கோடையில் நம்மைவிட 12.30 மணி நேரமும் குளிர்காலத்தில் 13.30 மணி நேரமும் பின்னால். இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே காலை 8.30 அல்லது 7.30. லண்டன் வாடிக்கையாளர் என்றால் 4.30 அல்லது 5.30 மணி நேர வித்தியாசம்தான், வீடு திரும்பிச் சாப்பிட்டுத் தூங்க முடியும். எந்த ஷோவில் (படத்தில்) போடுகிறார்கள் என்பதை இந்தக் கண்ணோடும் பாருங்கள். இரவு வேலை உள்ள பெண்களுக்கு வீட்டு வாசல் வரை வண்டி கம்பெனி பொறுப்பு. பர்பிள் லைன் மெட்ரோ வைட்ஃபீல்டு வரை வந்துவிட்டது என்றாலும் டெய்லீஸ் முடியும் நேரத்தில் அதை நம்ப முடியாது.

கர்நாடகத்தில் மகர சங்கராந்தி ஒரு நாள். மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் இங்கே விடுமுறைப் பட்டியலில் வராது. நவம்பரிலேயே விடுப்பு எழுதி, டெலிவரி தேதிகளைப் பார்த்து, குழுவில் இருக்கும் மற்ற தமிழ்ப் பிள்ளைகளோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே வியாழக்கிழமை சேலம் பஸ் ஏறினால் யாருக்கும் கிடைக்காது.

"நாம் ஒரு குடும்பம்" என்று சொல்லும்போது

எல்லாக் கம்பெனியும் இதைச் சொல்வதில்லை. நெட்ஃபிளிக்ஸ் தன் கலாசாரக் குறிப்பில் நாங்கள் குடும்பம் அல்ல, ஒரு விளையாட்டு அணி என்றே எழுதியிருக்கிறது. கேட்கக் கறாராக இருந்தாலும் நிற்கும் இடம் தெரிகிறது. மறுபக்கம், நின்டெண்டோவின் தலைவர் சடோரு இவாடா 2014-ல் விற்பனை சரிந்தபோது ஆட்களை அனுப்பாமல் தன் சம்பளத்தை ஐந்து மாதத்துக்குப் பாதியாக்கிக்கொண்டார். குடும்பம் என்ற சொல்லுக்கு ஒரு பொருள் இருக்குமானால் இதுதான். உங்கள் ஸ்டுடியோ எந்தப் பக்கம் என்று அறிய, மேடைப் பேச்சை விடுங்கள். கடைசியாக ஒரு பெரிய படம் கை நழுவியபோது முதலில் எதை வெட்டினார்கள் என்று பழைய ஆட்களிடம் கேளுங்கள்.

ஸ்டுடியோ நல்லதாக இருந்தும் விழலாம். ஒரு பகுதி புதுச்சேரியில் படமான 'லைஃப் ஆஃப் பை'யின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ், ஊழியரை நன்றாக நடத்துவதற்குப் பெயர் பெற்ற இடம். மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளை வைத்திருந்தது. 2013 பிப்ரவரியில் திவால் மனு போட்டது, அதே மாதம் 24-ம் தேதி அந்தப் படத்துக்கு விஎஃப்எக்ஸ் ஆஸ்கர் வாங்கியது. 2025 பிப்ரவரியில் விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோக்களை நடத்திய டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூருவில் அதன் ஆர்ட்டிஸ்டுகளுக்கு அவகாசம் நாள் கணக்கில்தான் கிடைத்தது. பாசம் வைத்திருந்ததால் அங்கே யாரும் தப்பு செய்துவிடவில்லை. ஆனால் மாதக் கடைசியில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து கம்பெனி பங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இருந்தால், பணத் தட்டுப்பாட்டின் முதல் அறிகுறி முன்கூட்டியே கண்ணில் படும். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள், ரீலைத் தயார் செய்யத் தொடங்குங்கள். நான்கு மாதச் செலவு கையில் இருக்கட்டும். கம்பெனி காப்பீடு வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும், சொந்தமாக ஒரு சிறிய பாலிசியாவது எடுத்து வையுங்கள்.

பெரிய பெயர் கொண்ட சூப்பர்வைசர் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டால், படத்துக்காகப் பொறுத்துக்கொள் என்று நல்லவர்களே சொல்வார்கள். பொறுக்க வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் பெண்கள் எழுத்தில் புகார் தரலாம்.

விலகும்போது

செய்த வேலையின் குறிப்பை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஷாட் எண்ணோ படத்தின் பெயரோ இல்லாமல்: "புயல் காட்சி, பாய்மரம் சுத்தம், 14 ஷாட், மார்ச்" என்ற அளவில். படம் வெளியானதும் ரீலுக்கு எந்த ஷாட்டைப் பயன்படுத்தலாம் என்று அனுமதிக் கடிதம் கேளுங்கள். இதை வேலையில் இருக்கும்போதே எச்ஆருக்கு எழுதி, வெளியீட்டுக்குப் பின் யாரிடம் கேட்க வேண்டும் என்ற முகவரியை வாங்கி வையுங்கள். விலகிய பிறகு எழுதினால் பதில் வருவது அபூர்வம். திரையில் பெயர் போடும் பட்டியல் படம் முடிவதற்குப் பல வாரம் முன்பே போய்விடும். இந்தியக் குழுவுக்கு இத்தனை பெயர்தான் என்று வரம்பும் இருக்கும். பட்டியல் எப்போது போகிறது, எத்தனை நாள் வேலை செய்தவர் அதில் வருவார் என்று தயாரிப்பு ஒருங்கிணைப்பாளரிடம் பாதி வேலையிலேயே கேட்டுவிடுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டையும், இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். அங்கேதான் நம் பெயர்கள் அதிகம் சிதைகின்றன.

கடைசிச் சம்பளக் கணக்கை விலகிய இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. அனுபவச் சான்றிதழ், சம்பள வரிப் பிடித்தச் சான்று (ஃபார்ம் 16) இரண்டையும் கேட்டு வாங்குங்கள். விலகிய தேதியை ஸ்டுடியோ பிஎஃப் பதிவில் ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றவில்லை என்றால், கடைசித் தொகை வரவான மாதத்துக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் பக்கத்தில் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம்.